செல்பேசிக் கூடல் நடத்தப் போகிறீர்களா? மண்டபம் பிடிப்பதிலிருந்து கோப்பு ஒப்படைப்பது வரை

படகுத்துறையில் கழிவு கொட்டுவதைப் போனில் பிடிக்கிறார் மீனவப் பெண் ஒருவர். பாட்டியின் தாலாட்டை ரெக்கார்டு செய்து வைக்கிறார் ஒரு கல்லூரி மாணவி. தெருவிளக்கு எரியாததைத் தினமும் படமெடுத்து நகராட்சிக்கு அனுப்புகிறார் ஓய்வுபெற்ற தபால்காரர். இவர்களை ஒரு நாள் ஒரே கூரையின்கீழ் உட்கார வைத்து, ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கும்படி செய்வதுதான் செல்பேசிக் கூடல். மேடை கிடையாது, சிறப்பு விருந்தினர் கிடையாது, பொன்னாடை கிடையாது. வந்தவர்களே பேசுபொருளைத் தீர்மானிக்கிறார்கள்.

முன்கூட்டியே நிகழ்ச்சி நிரல் இல்லை என்பதால் ஏற்பாடும் தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நிரலைத்தான் வருகிறவர்களிடம் விடுகிறோம். பிளக் பாயின்ட், மைக், ஒப்புதல் தாள், கோப்பைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாம் உங்கள் தலையில்தான். கீழே உள்ள கணக்கு, தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைநகரில், 50 பேர், ஒரு நாள் என்று வைத்துப் போட்டது.

1. நாள் குறிப்பது: 8 வாரம் முன்பே

தேதியை உங்கள் வசதிப்படி பார்க்காமல், யார் வரவேண்டுமோ அவர்கள் வேலையைப் பார்த்து வையுங்கள். தினக்கூலிக்குப் போகிறவர்கள் வரவேண்டுமென்றால் ஞாயிறு. கடற்கரை ஊர்களில் தேவாலயத்தில் ஞாயிறு காலைப் பூசை முடிந்த பிறகே பலரும் வருவார்கள். 9 மணிக்குக் கூப்பிட்டால் கூடம் காலியாக இருக்கும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளிகளைக் கூட்ட அதுவே நல்ல நேரம்.

மார்ச், ஏப்ரலில் பரீட்சை. ஐப்பசி, கார்த்திகையில் மழை. நோன்பு மாதத்தில் மதியச் சாப்பாடு வைத்து ஒரு கூட்டம் நடத்துவது முறையில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் மண்டபங்கள் சும்மா இருக்கும், வாடகையையும் பேசிக் குறைக்கலாம். முகூர்த்த நாளில் மட்டும் கூடல் வைக்காதீர்கள்: மண்டபம் கிடைக்காது, கிடைத்தாலும் பக்கத்து மண்டபத்து நாதஸ்வரம் உங்கள் ரெக்கார்டிங்கில் விழும்.

2. இடம்: கையில் போனோடு போய்ப் பாருங்கள்

மண்டபத்தை நேரில் பார்க்காமல் முன்பணம் கொடுக்கவேண்டாம். போகும்போது ஒரு போன், ஒரு சார்ஜர், ஹெட்போன் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு குழு ஒரே நேரத்தில் பேச வேண்டியிருக்கும். ஒரு பெரிய கூடம் மட்டும் இருந்தால் நான்கு மூலையிலும் சத்தம் மோதும். கல்யாண மண்டபத்தில் பெரிய கூடம், சாப்பாட்டுக் கூடம், மணமகள் அறை, மாடி வராந்தா என்று நான்கு இடம் தானாகவே அமைந்திருக்கும். கல்லூரி என்றால் ஒரே தளத்தில் நான்கு வகுப்பறை கேளுங்கள். மாடி மாறினால் ஆள் மாறிப் போகமாட்டார்கள்.

ஒவ்வொரு இடத்திலும் மின்விசிறியைப் போட்டுவிட்டு ஒரு நிமிடம் குரல் பதிந்து, ஹெட்போனில் கேளுங்கள். விசிறி இரைச்சலும் தகரக் கூரை எதிரொலியும் நேரில் உறுத்தாது, பதிவில்தான் தெரியும். எல்லா பிளக் பாயின்ட்டிலும் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். பாதி வேலை செய்யாது. அந்த இடத்தில் சிக்னல் இருக்கிறதா என்று மூன்று நிறுவன சிம்மிலும் சோதியுங்கள். சக்கர நாற்காலி உள்ளே வருமா, பெண்கள் கழிவறையில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

பணம் பேசும்போது வாடகையை மட்டும் கேட்காதீர்கள். திருப்பித் தரும் முன்பணம் எவ்வளவு, கரண்ட் மீட்டர் கணக்கா மொத்தமா, துப்புரவுக் கூலி தனியா, ஜெனரேட்டருக்கு மணிக்கு எவ்வளவு, 18 சதவீத ஜி.எஸ்.டி. வாடகைக்குள்ளா வெளியிலா என்று ஐந்தையும் கேட்டு, ரசீதின் பின்பக்கமே எழுதி வாங்குங்கள். 6,000 ரூபாய் என்று சொன்ன மண்டபம் இந்த ஐந்தும் சேர்ந்து 10,000 ஆவது சாதாரணம்.

3. கடிதங்கள்: 4 வாரம் முன்பு

காவல் நிலையத்துக்கு ஒரு தகவல் கடிதம். மூடிய அரங்குக்குள் நடக்கும் கூட்டத்துக்கு வழக்கமாக இது போதும். பொருள், தேதி, நேரம், இடம், எத்தனை பேர், பொறுப்பாளர் பெயர், போன் நம்பர் எழுதி இரண்டு படி எடுத்துப் போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மண்டபக்காரர் இதைக் கேட்பார். ‘செல்பேசிக் கூடல்’ என்று பார்த்ததும் ‘இது போராட்டமா’ என்று கேள்வி வரும். அதற்காக மழுப்பி எழுதவேண்டாம். ‘செல்பேசியில் படம், ஒலி பதிவது குறித்த பயிற்சிக் கூடல்’ என்று உள்ளதை எழுதினால் போதும்.

வெளியே படமெடுக்கப் போகும் பயிற்சி உண்டென்றால் நான்கைந்து பேராகப் பிரிந்து போங்கள். பதாகை பிடித்து எல்லாரும் சேர்ந்து நடந்தால் அது ஊர்வலம்; அதற்குத் தனி அனுமதி வேண்டும். ரயில் நிலையம், துறைமுகம், விமான நிலையம், படைத்தளம், அணுமின் நிலையச் சுற்றுப்புறம் ஆகியவை அனுமதியின்றிக் கேமரா தூக்கும் இடங்கள் அல்ல. கோயில்களுக்குள் செல்பேசியைத் தடை செய்யச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. கோபுரத்தை வெளியே நின்று எடுங்கள்.

பலரும் விழும் பள்ளம் வெளிநாட்டுப் பணம். கொழும்பிலோ டொரண்டோவிலோ இருக்கும் நண்பர் ‘சாப்பாட்டுச் செலவு என்னுடையது’ என்று அன்போடு சொல்வார். அவர் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவரானால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத உங்கள் அமைப்பு அந்தப் பணத்தைத் தொடக்கூடாது. சிறு தொகை என்பதால் விலக்கு வந்துவிடாது. அவரைக் காணொளி அழைப்பில் பேச வையுங்கள், செலவை உள்ளூரில் திரட்டுங்கள்.

4. அழைப்பு: 5 வாரம் முன்பிருந்து

50 பேர் வேண்டுமென்றால் 70 பெயர் வாங்குங்கள். இலவசம் என்றால் மூன்றில் ஒரு பங்கு வராது. 100 ரூபாய் கட்டணம் வைத்தால் வருகை கூடும். கட்ட முடியாதவர்களிடம் கேட்கவே கேட்காதீர்கள். 20 இடத்தை வலைத்தளம், இன்ஸ்டாகிராம் பக்கம் எதுவும் இல்லாதவர்களுக்கென்று ஒதுக்கி, அவர்களை நேரில் போய் அழையுங்கள். கூகுள் படிவத்தை மட்டும் நம்பினால் வந்து சேர்வது ஏற்கெனவே ஒருவரையொருவர் தெரிந்த கூட்டம்தான்.

சாதாரண போன் வைத்திருப்பவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும்போது கவனம். ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழில் 70தான். அதிலும் ‘கூடல்’ என்ற சொல் மூன்றெழுத்தாகத் தெரிந்தாலும் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்பட்டு ஐந்து இடம் பிடிக்கும். 70-ஐத் தாண்டியதும் செய்தி 67 இடமுள்ள துண்டுகளாக உடையும், காசும் துண்டுக்கு ஒன்றாகப் போகும். மொத்தமாக அனுப்பும் சேவைகளுக்கு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அனுப்புநர் பெயரையும் செய்தியின் வார்ப்பையும் முன்பே பதிய வேண்டும்; 70 பேருக்காக அந்த அலைச்சல் வேண்டாம். 40 விநாடிக் குரல் செய்தி ஒன்று, இரண்டு நாள் முன்பு ஒரு போன் கால்: இதற்கு இணையான அழைப்பு வேறில்லை.

காதுகேளாதவர்கள் வருகிறார்கள் என்றால் சைகைமொழி பெயர்ப்பாளர் இருவர் வேண்டும். ஒருவரே நாள் முழுக்கச் செய்ய முடியாது. 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டிய வேலை அது.

5. அட்டவணைச் சுவர்

கூடலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. திறந்தவெளி முறை (ஓப்பன் ஸ்பேஸ்) என்று இதற்குப் பெயர். ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர் 1980களில் வகுத்தது. செய்முறை இப்படி:

முதல் நாள் மாலையே சுவரில் நான்கு சார்ட் பேப்பரை ஒட்டி 16 கட்டம் போடுங்கள். குறுக்கே நான்கு இடம், நெடுக்கே நான்கு வேளை: 11, 12, மதியம் 2, 3. ஒவ்வொரு அமர்வும் 45 நிமிடம். மிச்சம் 15 நிமிடம் இடம் மாறவும் தண்ணீர் குடிக்கவும். கட்டங்கள் காலியாக இருக்கட்டும்.

காலை 9 மணிக்குப் பதிவு, டிபன். 10 மணிக்கு எல்லாரும் ஒரே வட்டமாக உட்காருகிறார்கள். நாற்காலியை வரிசையாகப் போட்டால் முன்வரிசை பேசும், பின்வரிசை போன் பார்க்கும். வட்டத்துக்கு மாற்று இல்லை. நடுவில் ஏ4 தாளும் தடித்த மார்க்கரும் வையுங்கள். ஏதாவது சொல்லிக்கொடுக்கவோ கற்கவோ விரும்புகிறவர் எழுந்து வந்து, தாளில் தலைப்பும் தன் பெயரும் எழுதி, எல்லாருக்கும் கேட்கும்படி இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு, சுவரில் ஒரு கட்டத்தில் ஒட்டுகிறார். அவ்வளவுதான். ‘கற்க விரும்புகிறேன்’ என்று ஒட்டுவதும் முழு உரிமையுள்ள அமர்வு. விஷயம் தெரிந்தவர் அங்கே தானாக வந்து உட்காருவார்.

தலைப்பு ‘எப்படி’ என்று முடியட்டும். ‘செல்பேசியும் சமூக மாற்றமும்’ என்று ஒட்டினால் அங்கே சொற்பொழிவு நடக்கும். ‘ரேஷன் கடை எடையை ஒரே ஷாட்டில் காட்டுவது எப்படி’, ‘தோல்பாவைக் கூத்தை இருட்டில் எடுப்பது எப்படி’ என்றால் போனை எடுத்தே ஆகவேண்டும். 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையம் நிறுத்தப்பட்டது. ‘இணையம் இல்லாதபோது செய்தி பகிர்வது எப்படி’ என்று ஒருவர் ஒட்டினால், புளூடூத்திலும் வைஃபையிலும் போனுக்குப் போன் செய்தி கடத்தும் பிரையர் செயலியை அங்கேயே நிறுவிப் பார்க்கலாம். இணையமில்லாத போன்களிலிருந்து தொடங்கும் அமர்வும் கட்டாயம் ஒன்று வேண்டும். சத்தீஸ்கரின் சிஜிநெட் ஸ்வரா என்ற குரல்வழிச் செய்திச் சேவை 2010 முதல் சாதாரண போனில் குரலாகவே செய்தி வாங்கி, குரலாகவே கேட்க வைத்தது. ஆதிவாசி கிராமங்களின் குறைகள் வெளியே வர அது வழி செய்தது.

சொல்லவேண்டிய விதி ஒன்றே: இருக்கும் இடத்தில் கற்கவும் இல்லை, கற்றுக்கொடுக்கவும் இல்லை என்றால் எழுந்து அடுத்த குழுவுக்குப் போகலாம். நம்மூரில் பெரியவர் பேசும்போது எழுந்து போவது மரியாதைக் குறைவாகப் படும். ஆகவே ஒருமுறை சொன்னால் போதாது. தொடக்க வட்டத்தில் மூத்தவர் ஒருவரையே ‘நான் பேசும்போதும் எழுந்து போகலாம்’ என்று சொல்ல வையுங்கள். அதன் பிறகுதான் இளையவர்களுக்குக் கால் நகரும்.

எங்கே சறுக்கும்? முதல் ஐந்து நிமிடம் யாரும் எழமாட்டார்கள். பதறி நீங்களே பேசத் தொடங்காதீர்கள். மூன்று பேரிடம் மட்டும் முன்பே சொல்லி வையுங்கள், அவர்கள் போனதும் மற்றவர்கள் கிளம்புவார்கள். காலையிலேயே 16 கட்டமும் நிரம்பிவிட்டால் கூச்சப்படுகிறவர்களுக்கு இடமிருக்காது. 3 மணி வரிசையை மதியச் சாப்பாடு வரை மூடி வையுங்கள். ஒரே பொருளில் இரண்டு தாள் இருந்தால் நீங்கள் சேர்க்காதீர்கள், ஒட்டிய இருவரையும் பேசி முடிவெடுக்க விடுங்கள். மண்டபம் தந்தவரோ கல்லூரி முதல்வரோ ‘இரண்டு வார்த்தை’ பேச வந்தால் வட்டத்தில் ஒரு நாற்காலியும் மற்றவர்களுக்குள்ள அதே இரண்டு நிமிடமும் கொடுங்கள். 10:50-க்குச் சுவரைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்.

6. போன், மைக், மின்சாரம், கோப்பு

நல்ல கேமராவைவிட நல்ல மைக் முக்கியம். படம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள். குரல் கேட்காவிட்டால் மூடிவிடுவார்கள். காலரில் மாட்டும் போயா பிஒய்-எம்1 மாதிரியான கம்பி மைக் ஆறு போதும். அதன் பெட்டியில் கேமரா, போன் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். போனில் செருகும்போது போன் பக்கம் தள்ளாவிட்டால் குரல் சரியாகப் பதியாது. பலரின் போனில் இப்போது ஹெட்போன் செருகும் உருண்டைத் துளை இல்லை, டைப்-சி மாற்றி குறைந்தது மூன்று வாங்கி வையுங்கள். பதிவதற்கு முன் பத்து விநாடி பதிந்து கேட்பதைப் பழக்கமாக்குங்கள்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போனோ விநாடிக்கு 30 படம் எடுக்கும். அதனால்தான் டியூப்லைட் வெளிச்சத்தில் வீடியோ மினுங்குகிறது. கேமரா அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஓப்பன் கேமரா போன்ற செயலியில் விநாடிக்கு 25 படம் வையுங்கள். அதைவிடச் சுலபம், ஜன்னல் பக்கம் போய்விடுவது. பதியும்போது ஏரோபிளேன் மோட்: நடுவில் போன் வந்தால் பல போன்களில் பதிவு அறுந்துபோகும். லென்ஸைத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். கை எண்ணெய்தான் பாதிப் படங்களைப் புகைமூட்டமாக்குகிறது.

மின்சாரம்: ஒரே நேரத்தில் 25 போன் சார்ஜ் ஏறினால், ஒன்றுக்கு 20 வாட் வீதம் 500 வாட். 6 ஆம்பியர் பாயின்ட் ஒன்று 1,300 வாட் வரை தாங்கும் என்றாலும் இரண்டு மூன்று பாயின்ட்டாகப் பிரித்துப் போடுங்கள். அதே லைனில் டீக்கடைக்காரர் மின்கெட்டிலைச் செருகினால் ட்ரிப் ஆகும். ஐந்து பிளக் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஐந்து எடுத்துப் போங்கள், தரையில் ஓடும் ஒயர்மேல் டேப் ஒட்டுங்கள்.

அடுத்தது கோப்பு. சாதாரண 1080 தரத்தில் ஒரு நிமிட வீடியோ ஏறக்குறைய 130 எம்.பி. ஆளுக்குப் பத்து நிமிடம் எடுத்தால் 50 பேருக்கு 65 ஜி.பி. மண்டபத்து இணையத்தில் இதை ஏற்ற நினைக்காதீர்கள். ஒரு சின்ன வைஃபை ரூட்டரை இணையம் இல்லாமலே ஓடவிட்டு, லோக்கல்சென்ட் என்ற கட்டற்ற செயலியில் போனிலிருந்து மடிக்கணினிக்கு நேராக அனுப்பலாம். கல்லூரி வைஃபையில் இது ஓடாமல் போனால் செயலியைக் குறை சொல்லவேண்டாம்: பொது வைஃபைகளில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்காதபடி தடுத்திருப்பார்கள். சொந்த ரூட்டர் அதற்காகத்தான். பென்டிரைவில் மாற்றினால் அது ஃபேட்32 அமைப்பில் இருக்கிறதா பாருங்கள், 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பை அது வாங்காது. எக்ஸ்ஃபேட் அமைப்புக்கு முந்தின நாளே மாற்றிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பவே கூடாது. நசுங்கிப்போகும், எடுத்த தேதியும் இடமும் உதிர்ந்துவிடும். வேறு வழியே இல்லையென்றால் ‘டாக்குமென்ட்’ என்று அனுப்புங்கள், மூலக்கோப்பு அப்படியே போகும்.

7. ஒப்புதலும் பாதுகாப்பும்

50 பேர் கையில் 50 கேமரா இருக்கும் இடம் இது. வாசலிலேயே மூன்று நிறக் கழுத்து நாடா வையுங்கள்: பச்சை என்றால் எடுக்கலாம், மஞ்சள் என்றால் கேட்டுவிட்டு எடுக்கலாம், சிவப்பு என்றால் எடுக்கவே கூடாது. காரணம் யாரும் கேட்கக்கூடாது. குடும்பத்துக்குத் தெரியாமல் வந்தவர், வேலை போய்விடும் என்று அஞ்சுகிறவர், வழக்கில் சாட்சியாக இருப்பவர் யாராகவும் இருக்கலாம்.

ஒப்புதல் தாளில் ‘என் படத்தைப் பயன்படுத்தச் சம்மதம்’ என்று ஒற்றை வரி வைக்காதீர்கள். நான்காகப் பிரியுங்கள்: பதியலாமா, முகம் தெரியலாமா, சொந்தக் குரல் கேட்கலாமா, எங்கெல்லாம் வெளியிடலாம். ஐந்தாவதாக, எந்தத் தேதிக்குள் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதும், அதற்கு அழைக்கவேண்டிய எண்ணும். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள், அந்த வாசிப்பையும் அவர் பதிலையும் குரலாகப் பதியலாம். தாளில் ஒரு படி அவர் கையில் இருக்கவேண்டும்.

குழந்தைகள் என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும், குழந்தையும் சரி என்று சொல்லவேண்டும். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவின்படியும், குழந்தையானால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படியும் குற்றம். நல்ல நோக்கத்தோடு வெளியிட்டாலும் குற்றம்தான்.

முகத்தை மறைப்பவர்கள் மற்றதை மறந்துவிடுகிறார்கள். பச்சை குத்தியது, வண்டி நம்பர், பின்னால் தெரியும் கடைப்பலகை, பள்ளிச் சீருடை, எல்லாவற்றுக்கும் மேலாகக் குரல்: ஊர்க்காரருக்கு இவை போதும். லேசாகக் கலங்கலாக்காமல் முழுக் கறுப்புக் கட்டம் வையுங்கள். ஒற்றைப் படத்துக்கு சிக்னல் என்ற செய்திச் செயலியிலேயே மறைக்கும் வசதி உண்டு. வெளியிடப் போகும் கோப்பில் இடக்குறிப்பு இருக்கக்கூடாது. பத்திரப்படுத்தும் மூலத்தில் அது இருக்கவேண்டும். இரண்டையும் வேறு வேறு ஃபோல்டரில் வையுங்கள்.

8. சாட்சியாகும் பதிவு

முறைகேட்டையோ வன்முறையையோ எடுத்தவர் கூடலுக்கு வந்திருந்தால் அந்தக் கோப்பைத் திருத்த விடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதில் இரண்டு பகுதி: முதலாவதில் பதிவை அளிப்பவர், இரண்டாவதில் வல்லுநர். கோப்பின் ஹாஷ் மதிப்பும் அதில் எழுதப்படவேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி; ஒரு விநாடியை வெட்டினாலும், படத்தின்மேல் பெயர் எழுதிச் சேர்த்தாலும் முழுதும் மாறிவிடும்.

எனவே மூலத்தைத் தொடாமல் படியெடுத்து, ஷா-256 என்ற முறையில் ஹாஷைக் கணக்கிட்டு, தேதி, நேரம், போன் மாடலோடு நோட்டில் எழுதுங்கள். எடிட் செய்வதெல்லாம் படியில்தான். எடுத்த போனை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது. மேற்கொண்டு வழக்கறிஞரிடம் போகட்டும். கூடலில் சட்ட ஆலோசனை சொல்லாதீர்கள்.

9. செலவு

ஊருக்கு ஊர் மாறும். திட்டமிட ஒரு கணக்கு: மண்டபம் 8,000. கரண்ட், துப்புரவு 1,500. டிபன், சாப்பாடு, இரண்டு டீ சேர்த்து ஆளுக்கு 220 வீதம் 55 பேருக்கு 12,100. சைகைமொழி பெயர்ப்பாளர் இருவருக்கு 6,000. மைக் ஆறு, மாற்றிகளோடு 5,400. 1 டி.பி. ஹார்டு டிஸ்க் 5,000. ரூட்டர் 1,800. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் 2,500. சார்ட், மார்க்கர், நாடா 1,500. 15 பேருக்குப் பஸ் செலவு 3,750. மொத்தம் 47,550 ரூபாய். மைக், டிஸ்க், ரூட்டர், பாக்ஸ் நான்கையும் இரவல் வாங்கினால் 32,850-ல் முடியும். கையில் பத்து சதவீதம் கூடுதலாக வைத்திருங்கள்.

பஸ் பணத்தைக் காலையில் வந்தவுடன் உறையில் கொடுத்து வவுச்சரில் கையெழுத்து வாங்குங்கள். மாலையில் வரிசையில் நிற்க வைத்தால், முன்னதாகக் கிளம்பவேண்டியவர்கள் கேட்கக் கூசி வாங்காமலே போய்விடுவார்கள்.

10. மாலை 4 மணியும் அடுத்த 7 நாளும்

4 மணிக்கு எல்லாரும் மறுபடி வட்டத்துக்கு. ஒவ்வொரு அமர்விலிருந்தும் ஒருவர், ஒரு நிமிடம், செய்த ஒன்றைக் காட்டவேண்டும். 5 மணிக்கு முடித்துவிடுங்கள். பெண்களுக்குக் கடைசிப் பஸ் முக்கியம்.

அன்றிரவே கோப்புகளை இன்னொரு டிஸ்க்கில் படியெடுத்து, இரண்டையும் இரண்டு வீட்டில் வையுங்கள். மூன்றாம் நாள் சிவப்பு நாடா அணிந்தவர்கள் தெரியும் காட்சிகளை நீக்குங்கள். ஏழாம் நாள் வரை சம்மதம் திரும்பப் பெறுகிறவர்களுக்காகக் காத்திருந்து, அதற்குப் பிறகே வெளியீடு. விக்கிப்பீடியாவுக்கான படம், ஒலி, வீடியோக்கள் சேரும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுவதானால் எம்பி4 கோப்பை அது ஏற்காது, வெப்எம் ஆக மாற்றவேண்டும். வணிகப் பயன்பாட்டுக்குத் தடை விதிக்கும் உரிமமும் அங்கே செல்லாது. தன் குரலை யாரும் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்பது பாட்டுப் பாடியவருக்குப் புரிந்திருக்கிறதா என்று ஏற்றுவதற்கு முன் அவரிடமே கேளுங்கள்.

ஒவ்வொருவர் பதிவும் அவரவர் கைக்குத் திரும்பவேண்டும். போனில் இடமில்லை என்று மாலையிலேயே அழித்திருப்பார்கள். மெமரி கார்டிலோ பென்டிரைவிலோ போட்டு நேரில் கொடுங்கள். வரவு செலவுக் கணக்கையும் ரசீதுப் படங்களையும் அதே வாரம் குழுவில் போட்டுவிட்டு, மண்டபக்காரரிடம் முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.